சாம்பல் துணியில் சாம்பல் நூல்

கால்சட்டை தைக்கிற கம்பெனிக்காரர்கள் மனிதர்களை நேரில் பார்த்ததே இல்லை என்பது அவளுடைய அசைக்க முடியாத கருத்து. பார்த்திருந்தால் ஒட்டகச்சிவிங்கிக்கு வெட்டுவதுபோல அவ்வளவு நீளமாக வெட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் அப்படி வெட்டியதால்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. அதனால் இந்தக் கருத்தை அவள் வெளியே சொன்னதில்லை.

பெரிய துணிக்கடை ஒன்றின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், தலையைக் குனிந்து நுழைய வேண்டிய ஒரு அறை அவளுடையது. ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்க இன்னொரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு பக்கமாகவே திரும்பத் தெரிந்த ஒரு மின்விசிறி. மேலே விற்ற கால்சட்டைகள் கூடையில் இறங்கி வரும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சீட்டு குத்தியிருக்கும். அவள் குறைத்து மேலே அனுப்புவாள். இப்படிப் பத்தொன்பது வருஷம். கடையில் அவளுக்குப் பெயர் 'ஆல்டரேஷன்'. "ஆல்டரேஷன் வந்தாச்சா?" "ஆல்டரேஷன் சாப்பிடப் போயிருக்கு" என்று அஃறிணையில்தான் பேசுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

வெட்டி எடுத்த நுனிகள் நான்கு விரல் அகலத்தில், குழாய் குழாயாகத் தரையில் கிடக்கும். கருப்பு கொஞ்சம், கருநீலம் கொஞ்சம், மிச்சமெல்லாம் சாம்பல். ஊரிலுள்ள ஆபீஸ்காரர்கள் அத்தனை பேரும் கூடித் தீர்மானம் போட்டதுபோலச் சாம்பல். குப்பையில் போடு என்பார் மேலாளர். நல்ல துணியைக் குப்பையில் போட அவளுக்குக் கை வராது. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவாள். பின்னாளில் ஒரு பத்திரிகைக்காரர், "அந்தத் துண்டுகள்ல நீங்க என்ன கண்டீங்க?" என்று கேட்டார். "துணியைக் கண்டேன்" என்றாள். அவர் உருகிப்போய் அதை எழுதிக்கொண்டார்.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் முதலில் ஒரு பை இருந்தது. பிறகு மூன்று. பிறகு கட்டிலே கொஞ்சம் உயர்ந்ததுபோல் தெரிந்தது.

அவள் கணவருக்குத் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் மேற்பார்வையாளர் வேலை. சிலர் வேலையை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வருவார்கள். அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். பால் பொங்கினால் அது பொங்குவதை மேற்பார்வை செய்வார். குழாய் ஒழுகினால் எத்தனை சொட்டு என்று சொல்வார். அடுப்பை அணைப்பதோ குழாயைத் திருகுவதோ அவர் பதவிக்குக் கீழே வரும் வேலைகள்.

"கட்டிலுக்கு அடியில என்ன வெச்சிருக்க?"

"துணிங்க."

"எதுக்கு?"

அதற்குப் பதில் கிடைத்தது சோபா மூலமாக.

அந்த சோபா நாத்தனார் கொடுத்தது. கணவருக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. தன் வீட்டில் எதைத் தூக்கிப் போட மனசு வருகிறதோ அதைத் தம்பி வீட்டுக்குப் பரிசாக அனுப்பிவிடுவது அந்த அம்மாளின் பெருந்தன்மை. சோபா வந்தபோது உட்காரும் இடத்தில் மூன்று கிழிசல் இருந்தது. உள்ளிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. அவள் கால்சட்டை நுனிகளைப் பிரித்து, இஸ்திரி போட்டு, சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டுப் போட்டு ஒரு உறை தைத்தாள். முதல் முயற்சி. மூலைகள் சேரவில்லை. நாலு சதுரம் கூடுமிடத்தில் துணி முடிச்சாகப் புடைத்து நின்றது, உட்கார்ந்தால் குத்தும். ஆனாலும் தூரத்தில் நின்று பார்த்தபோது, மழை வரப்போகிற வானத்தைக் கட்டம் போட்டு விரித்த மாதிரி இருந்தது. அவளுக்கே ஒரு நிமிஷம் நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். பார்த்தாள். உட்காரவில்லை.

"நான் குறை சொல்றேன்னு நெனைக்காத. இதை இங்க போட்டிருக்கியே, வர்றவங்க உக்காரவா, பிச்சை போடவா?"

மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று முதல் குடும்பத்தில் அவளுக்கு 'ஒட்டுத்துணி' என்று இன்னொரு பெயரும் வந்து சேர்ந்தது.

அப்போது அவள் வாயில் ஐந்து குண்டூசிகள் இருந்தன. தையல் வேலை செய்கிறவர்கள் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வது வழக்கம். கைக்குப் பக்கத்தில் இருக்கும். வாயில் ஊசியோடு யாரும் எதிர்வாதம் செய்ய முடியாது. அவளுக்கு வாய்த்திருந்த 'அடக்கமான பொண்ணு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது' என்ற நற்பெயரில் பாதிக்குமேல் குண்டூசிகளைச் சேரும். மீதிக்கு என்ன காரணம் என்று அவள் அந்த நாட்களில் யோசித்ததில்லை.

அடுத்த வேலை போர்வை. மகள் படிக்கப்போன ஊர் குளிர் ஊர். விடுதியில் கொடுக்கிற கம்பளி மீன்வலை மாதிரி இருக்கிறதென்று போனில் அழுதாள். அவள் நூற்றிருபது சதுரங்களை இணைத்து, நடுவில் பழைய கம்பளி ஒன்றை வைத்து, அடியில் ஒரு படுக்கை விரிப்பைக் கொடுத்து, சுற்றிலும் ஓரம் அடித்து அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து மகளின் போன் வந்தது.

"அம்மா, குளிரல. ஆனா மூச்சு விட முடியல. ஒரு ஆபீஸே மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

துவைத்தபோது இன்னும் மோசம். உள்ளேயிருந்த கம்பளி ஒரு மூலைக்குப் போய்ச் சுருண்டுகொண்டது. போர்வை பாதி தலையணையாகவும் பாதி வெறும் துணியாகவும் ஆகிவிட்டது. என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. கடையில் ஒரு நாள், விலை உயர்ந்த மெத்துப் போர்வை ஒன்றை ஓரம் பிரிந்துவிட்டதென்று ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்தார். பிரிந்தது ஒரு சாண்தான். அவள் இன்னும் இரண்டு சாண் பிரித்தாள். உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடித்தபடி, போர்வை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் ஓடியிருந்தது. அந்தத் தையல்தான் பஞ்சை இடம்பெயராமல் நிறுத்தியிருந்தது. ஓரத்தை மட்டும் தைத்துவிட்டுப் பஞ்சை அதன் போக்கில் விட்டதுதான் தன் குற்றம் என்று தெரிந்தது. பிரித்ததைத் தடம் தெரியாமல் தைத்துக் கொடுத்தாள். "பிரமாதமா பண்ணியிருக்கீங்க" என்று அந்த வாடிக்கையாளர் பாராட்டினார். எதற்குப் பாராட்டுகிறோம் என்பது அவருக்கு முழுதாகத் தெரியாது.

அவள் படித்த கல்லூரி இதுதான். பிரித்துப் பார்ப்பது. இரண்டாவது போர்வை, மூன்றாவது போர்வை என்று கை திருந்தியது. மூலைகள் சேர்ந்தன. கம்பளிக்குப் பதில் மெல்லிய பஞ்சு வைத்தாள். சாம்பலில் எத்தனை சாம்பல் இருக்கிறதென்று கண் பழகியது: மழைச் சாம்பல், எலிச் சாம்பல், கொஞ்சம் நீலம் கலந்தது, வெயிலில் பச்சையாகத் தெரிவது. மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் பார்த்து ஒரே தீர்ப்பு சொன்னார்: "எல்லாம் ஒரே கலரா இருக்கு."

எம்பிராய்டரி வந்தது கடை வழியாக. பள்ளிச் சீருடைகளிலும் மருத்துவமனை மேலங்கிகளிலும் பெயர் தைத்துத் தரும் வேலையைக் கடைக்காரர் புதிதாக எடுத்தார். அதற்கு ஒரு இயந்திரம் வாங்குவதாகப் பேச்சு. பேச்சு நடந்துகொண்டிருந்த நாலு வருஷமும் அவள் கையாலேயே தைத்தாள். சங்கிலித்தையலில் குழந்தைகளின் பெயர்கள், கெட்டித்தையலில் டாக்டர்களின் பெயர்கள். வளைகிற எழுத்தை எங்கே வளைப்பது, நூலை எங்கே இழுக்காமல் விடுவது, புள்ளியை எப்படி ஒரே முடிச்சில் வைப்பது, எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பெயர் தைத்தாள். தன் பெயரைத் தைக்க ஒருதரமும் தோன்றவில்லை. 'ஆல்டரேஷன்' என்று தைத்துக்கொண்டால்கூடப் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. மகள் படிப்பை முடித்து வெளியூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். அவள் தனக்கென்று ஒரு மஞ்சள் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். நாத்தனார் உள்ளே வந்ததும் மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கென்ன, உன் நல்லதுக்குச் சொல்றேன். இந்தக் கலர் உனக்கு எடுபடாது." கொஞ்சம் யோசித்து, நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்தவள்போல, "உனக்கு எந்தக் கலருமே எடுபடாது" என்றாள்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மேற்பார்வையாளர், செய்தித்தாளைத் தாழ்த்தாமலே.

அவள் வாயில் வழக்கம்போல ஊசிகள். மடியில் ஒரு சாம்பல் சதுரம். கையில் கோத்து வைத்திருந்த நூலும் சாம்பல். அவர்கள் பேசிக்கொண்டே இருக்க, அவள் கை தானாக ஓடியது. 'உனக்கு எந்தக் கலருமே எடுபடாது.' கெட்டித்தையல், டாக்டர்களுக்குப் போடுவது. முடித்துவிட்டுத் தூக்கிப் பார்த்தாள். துணியும் நூலும் ஒரே நிறம்; முகத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்தால்தான் எழுத்து தெரிந்தது. நெஞ்சில் பத்து வருஷமாக மாட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கீழே இறங்கினாற்போல இருந்தது. அன்று நாத்தனாருக்கு இரண்டாவது காபி அவளே கேட்டுப் போட்டுக் கொடுத்தாள்.

அதன்பிறகு அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்க ஆரம்பித்தன. நாத்தனார் வராத வாரம் ஏமாற்றமாக இருந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு பெரிய விரிப்பு உருவாயிற்று. சதுரத்துக்கு ஒரு வாக்கியம். 'நானா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பேன்.' 'உனக்கென்ன, உக்காந்த இடத்துல வேலை.' 'இதுல யோசிக்க என்ன இருக்கு?' 'நான் கோபமாவே பேசல.' 'நாலு பேர் என்ன நெனைப்பாங்க?' ஒரே வாக்கியம் மூன்று முறை வந்தால் மூன்று சதுரம். 'எனக்குத் தெரியாதா?' என்பதற்கு மட்டும் பதினோரு சதுரம் ஆனது. ஞாபகத்தில் நின்ற பழசுக்கும் இடம் கொடுத்தாள்: 'உக்காரவா, பிச்சை போடவா?'

அந்த விரிப்பை அவள் ஒளித்து வைக்கவில்லை. சோபாவின் சாய்மானத்தில்தான் போட்டிருந்தாள். மேற்பார்வையாளர் தினமும் தன் வாக்கியங்களின் மேலேயே சாய்ந்துகொண்டு தேநீர் குடித்தார். நாத்தனார் தன் திருவாய்மொழியின்மீது முழங்கையை ஊன்றிக்கொண்டு அடுத்த வாக்கியத்தை அருளினாள். இரண்டு பேரும் ஒருநாளும் படிக்கவில்லை. அவள் தைத்ததை யாராவது அருகில் குனிந்து பார்ப்பது அந்த வீட்டில் நடக்கிற காரியமே இல்லை.

அதைப் படித்தவள் ஒரு அந்நியப் பெண். கண்காட்சிக்கூடம் ஒன்றை நடத்துகிற அம்மாள். மூக்குநுனியில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று இரண்டு கண்ணாடி போட்டிருப்பாள். கால்சட்டை குறைக்க வந்தவள் பொறுமையில்லாமல் கீழ்த்தளத்துக்கே இறங்கிவிட்டாள். மேஜையில் அப்போதுதான் முடித்த ஒரு சதுரம் கிடந்தது. கையில் எடுத்தாள், சாய்த்தாள், நெற்றிக் கண்ணாடியை இறக்கினாள். 'சும்மாதானே இருக்க?' என்று மெதுவாக வாசித்தாள்.

"இதை யாரு சொன்னது?"

"வீட்டுக்காரரு."

"இது மாதிரி வேற இருக்கா?"

"சோபா மேல இருக்கு. இருநூறுக்கு மேல."

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். சாய்மானத்தின் முன் மண்டிபோட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தாள். நாலைந்து முறை சிரித்தாள். ஒருமுறை சிரிப்பு நின்றுபோய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இதெல்லாம் அவருக்குத் தெரியுமா?"

"அவர் தையலெல்லாம் பார்க்க மாட்டாரு. மேற்பார்வை மட்டும்தான்."

மேற்பார்வையாளர் அலுவலகத்திலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். இந்த விரிப்பைச் சுவரில் மாட்டி, விளக்குப் போட்டு, ஊரைக் கூட்டிக் காட்டப்போகிறார்களாம். அவள் பெயருக்கு முன்னால் 'துணிக் கலைஞர்' என்று போடுவார்களாம்.

"இதையா? இதை ஸ்கூட்டர் துடைக்க எடுத்துக்கலாம்னு இருந்தேனே!"

அதுதான் அவர் கடைசியாகப் பேசிய உண்மை. அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் ஆள் தலைகால் புரியாமல் மாறிவிட்டார். அலுவலகத்தில் மேஜைக்கு மேஜை போய், "எல்லாம் நான் கொடுத்த ஊக்கம்" என்றார். கட்டிலுக்கு அடியில் பைகளை வைக்க இடம் கொடுத்ததே தான்தான் என்று சொன்னார். நாத்தனார் தன் குடியிருப்புச் சங்கத்தையே திரட்டினாள். "சோபா நான் கொடுத்தது. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுது" என்று அவள் சொன்னது அநியாயமாக உண்மையும்கூட.

திறப்பு விழாவில் கணவரும் இரண்டு வார்த்தை பேசலாமே என்று யாரோ சொல்லிவைத்தார்கள். இரண்டு வார்த்தை நாலு பக்கமாயிற்று. அவர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். அவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். மனசு உறுத்தியது.

"ஏங்க, ஒரு விஷயம். அந்த விரிப்புல எழுத்தெல்லாம் இருக்கு. நீங்க ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டா..."

"எனக்குத் தெரியாதா?" என்றார்.

பன்னிரண்டாவது சதுரத்துக்கு இடமில்லை. விரிப்பு ஏற்கெனவே கண்காட்சிக்கூடத்துக்குப் போய்விட்டது. அவள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள். நாத்தனாரிடமும் சொல்ல முயன்றாள். "எழுத்தா? என்ன, பூ கீ போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று பதில் வந்தது.

விழா ஒரு சனிக்கிழமை மாலை. வெள்ளைச் சுவர், வழுக்குகிற தரை. சோபாவின் மேல் கசங்கிக் கிடந்த விரிப்பு, கூரையிலிருந்து தரைவரை நிமிர்ந்து தொங்கியது. கண்காட்சிக்கூடத்து அம்மாள் ஒரு காரியம் செய்திருந்தாள். விளக்குகளை நேராகப் போடாமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தாள். சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில் சாம்பல் நூல் ஒவ்வொன்றும் நிழலோடு எழும்பி நின்றது. வாசலிலிருந்தே படிக்கலாம்.

ஆனால் முதலில் யாரும் படிக்கவில்லை. கலை என்று சொல்லிவிட்டால் படித்த ஜனங்கள் சற்றுத் தள்ளி நின்று தலையைச் சாய்ப்பார்கள். புழுக்கத்திலும் கழுத்துத் துண்டைக் கழற்றாத ஒரு விமர்சகர், "நகர வாழ்வின் மௌனம் இதில் தையலாகப் பெயர்ந்திருக்கிறது" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பேசினார். "ஏன் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று அவளைக் கேட்டார்.

"அதுதான் கிடைச்சுது."

"கிடைத்தல்!" என்றார் விமர்சகர், பக்கத்திலிருந்தவரைப் பார்த்து. "எவ்வளவு ஆழமான சொல்!"

ஆழமெல்லாம் தெரியாதவள் நாத்தனார் குடியிருப்பின் மேல்மாடி அம்மாள். அவள் நேராகச் சுவருக்குப் போய், சீட்டுப் படிக்கிற மாதிரி விரலை வைத்து உரக்கப் படித்தாள்.

"'உனக்கு எந்தக் கலருமே எடுபடாது'... ஏய், இங்க வாங்களேன்! இது எனக்குச் சொன்னதாச்சே! என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு எனக்குச் சொன்னா!"

"யாரு?"

"வேற யாரு?" என்று அவள் திரும்பிப் பார்த்த திசையில் நாத்தனார் பழரசத்தோடு நின்றிருந்தாள்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் குடியிருப்புச் சங்கம் முழுவதும் சுவரில் ஒட்டிக்கொண்டது. "'நான் குறை சொல்றேன்னு நெனைக்காத', இது எனக்கு." "'நானா இருந்தா இந்நேரம்', இது போன வாரம்கூடச் சொன்னாங்க." சந்தையில் தொலைந்த சாமானைக் கண்டெடுத்ததுபோல ஆளாளுக்குத் தன் பங்கைத் தேடினார்கள். இன்னொரு பக்கம் தண்ணீர் வாரியம். 'இதுல யோசிக்க என்ன இருக்கு?' என்ற சதுரத்தின் முன் இளநிலை எழுத்தர்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். "சாரோட குரலே கேக்குதுடா."

மேற்பார்வையாளர் இதில் எதையும் கவனிக்கவில்லை. மேடை ஓரத்தில் நின்று தன் நாலு பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். கூட்டம் சிரிப்பதைக் கேட்டு, விழா களைகட்டிவிட்டது என்று நினைத்தார். பெயர் சொல்லி அழைத்ததும் போய் மைக்கைத் தட்டினார். காகிதத்தைப் பிரித்தார். கணீரென்ற குரலில் முதல் வாக்கியத்தைப் படித்தார்.

"என் மனைவியின் ஒவ்வொரு தையலுக்குப் பின்னாலும் என் வார்த்தைகள் இருக்கின்றன."

கூடம் அதிர்ந்தது. விமர்சகரே கழுத்துத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மேற்பார்வையாளர் திரும்பினார். இரண்டு வருஷம் முதுகுக்குப் பின்னாலேயே இருந்ததை அன்றுதான் முதன்முதலாக முகத்துக்கு நேரே பார்த்தார். மேலிருந்து கீழ்வரை படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு 'எனக்குத் தெரியாதா?'வையும் தாண்டிக் கடைசி வரிசைக்கு வந்தபோது கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நன்றி" என்று மட்டும் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த சொற்பொழிவு அது.

அவளுக்கு வெற்றிக் களிப்பு வந்திருக்க வேண்டும். வரத்தான் செய்தது, சுமார் கால் மணி நேரம். எல்லா நிறமும் தனக்கு எடுபடுகிற மாதிரி நிமிர்ந்து நின்றாள். பிறகு, ரயிலில் வந்து இறங்கி நேராகக் கூடத்துக்கே வந்திருந்த மகள் பக்கத்தில் வந்தாள். அவளும் எல்லாவற்றையும் படித்திருந்தாள். சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கும்மா."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். ஆனா இதுல ஒரு பத்துப் பதினஞ்சு எனக்கும் தெரியும்."

"அப்பா உனக்கும் சொல்லியிருப்பாரு."

"அப்பா இல்லம்மா. நீ." மகள் சுவரைக் காட்டினாள். "'நாலு பேர் என்ன நெனைப்பாங்க?' நான் முடி வெட்டிட்டு வந்த அன்னிக்கு நீ சொன்ன. 'இதுல யோசிக்க என்ன இருக்கு?' நான் அந்தப் படிப்பு வேண்டாம், வேற படிக்கிறேன்னு சொன்னப்ப. அப்பா ஞாயித்துக்கிழமை உன்கிட்ட சொல்வாரு. புதன்கிழமைக்குள்ள அது என்கிட்ட வந்துடும். நல்லா இஸ்திரி போட்டுத் தருவ."

அவள் மறுக்க வாயைத் திறந்தாள். வாயில் ஊசி எதுவும் இல்லை. இருந்தும் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விரிப்பைக் குடும்பநல ஆலோசனை மையம் ஒன்று வாங்கிக் காத்திருக்கும் அறையில் மாட்டியது. சண்டையோடு வருகிற தம்பதிகள் முறை வரும்வரை அதைப் படிக்கிறார்கள். சிலர் உள்ளே போகாமலேயே திரும்பிப் போகிறார்கள், சமாதானமாகியா பயந்தா என்பது மையத்துக்கும் தெரியாது. நாத்தனார் ஆறு வாரம் வரவில்லை. ஏழாவது வாரம் வந்து, வாசலிலேயே நின்று, "அந்தப் பிச்சை போடற வார்த்தை இருக்கே, நான் அப்படிச் சொல்லல. இன்னும் நல்லாச் சொன்னேன். நீ பாதியத்தான் எழுதியிருக்க" என்று குற்றம் சாட்டினாள். இப்போதெல்லாம் அவள் பேசும்போது கொஞ்சம் நிறுத்தி, தெளிவாக, எழுதிக்கொள்ள வசதியாகப் பேசுகிறாள். மேற்பார்வையாளர் ஒரு மாதம் 'உம்', 'ம்ஹூம்' என்ற இரண்டு சொற்களில் குடித்தனம் நடத்தினார். ஒரு நாள் காலை பால் பொங்கியபோது எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். அணைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்ப்பது பேராசை.

கடை மேலாளர் கீழ்த்தள அறைக்கு இரண்டு பக்கமும் திரும்புகிற மின்விசிறி போட்டுக் கொடுத்தார். 'துணிக் கலைஞர் இங்கே பணிபுரிகிறார்' என்று படிக்கட்டில் ஒரு அட்டையும் மாட்டினார். கால்சட்டைகள் அதே நீளத்தில்தான் வந்துகொண்டிருந்தன.

அடுத்த விரிப்பை அவள் தொடங்க நாலு மாதம் ஆயிற்று. சதுரங்களை வெட்டி அடுக்கிவைத்துவிட்டு ஊசியைத் தொடாமல் இருந்தாள். மகள் விடுமுறைக்கு வந்த அன்று, சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்காரவைத்தாள். இந்தத் தடவை எடுத்தது சிவப்பு நூல்.

"நான் உனக்குச் சொன்னதெல்லாம் சொல்லு. தைக்கிறேன்."

"எதுக்கும்மா? விடு."

"சொல்லு."

மகள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். பிறகு தயக்கம் போய்விட்டது. 'மெல்லச் சிரி.' 'அத்தை சொன்னா கேட்டுட்டுப் போயேன்.' 'உன் வயசுல நான் இப்படியா இருந்தேன்?' 'அழுதா எல்லாம் சரியாயிடுமா?' அவள் ஒவ்வொன்றாகத் தைத்தாள். நடுவில் ஒன்றிரண்டு தடவை, "இதை நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். மகள் நாளையும், அன்று போட்டிருந்த உடையையும், சாப்பிட்டதையும் சொன்னாள். சரி என்று தைத்தாள்.

மத்தியானம் முழுக்க அப்படியே போனது. மேஜைமேல் பதினேழு சதுரங்கள்.

"'உனக்கென்ன, வீட்டுல உக்காந்து சாப்பிடற'" என்றாள் மகள்.

"இது உங்க அப்பா சொன்னது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உனக்கு வேலை கிடைக்காம இருந்த அந்த மூணு மாசத்துல சொன்னாரு."

"ஆமா, அப்பாதான். ஆனா நீ பக்கத்துல இருந்த."

"நான் ஒண்ணும் சொல்லலையே?"

"ஆமாம்மா. ஒண்ணும் சொல்லல."

அவள் ஒரு புதுச் சதுரத்தை எடுத்தாள். அதில் தைக்க ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு எழுத்தே போடாமல், சதுரத்தின் நாலு ஓரத்திலும் சிவப்பு நூலால் சுற்றித் தைத்தாள். நடுவில் வெறும் சாம்பல். மகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மற்ற பதினேழோடு சேர்த்து மேஜையில் வைத்தாள்.

"இந்த மாதிரி எத்தனை வேணும்?" என்றாள் அவள்.

மகள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை போதவில்லை. அவள் ஊசியில் அடுத்த நூலைக் கோத்தாள்.